ரங்கூன் சோலையப்பன் வம்ச மரம்

போன் கேமராவை மொதல்ல பையில வைங்க தம்பி. பேச மாட்டேன்னு சொல்லல. பேசுறேன், பேசாம எங்க போகப் போறேன். ஆனா அது பையில இருக்கட்டும். நடிகர் தேஜ்வந்தோட பூர்வீக ஊரு இந்தப் புளியூரணிதானான்னு கேட்டிருப்பீக. கடைவாசல்ல எவனாவது ஒருத்தன், அந்தாத் தெரியுதே பச்சைக் கேட்டு, ரீடிங்காரர் சோணைமுத்து வீடு, அவருகிட்டக் கேளுங்கன்னு கையைக் காட்டியிருப்பான். காட்டிட்டுச் சிரிச்சானா? சிரிச்சிருப்பான். எல்லாரும் சிரிக்கத்தான் செய்யிறானுக.

உக்காருங்க. அந்த நாற்காலியில கிடக்குற துணியை எடுத்துக் கட்டில்ல போடுங்க. டீ போட ஆள் இல்ல. வீட்டுல எல்லாரும் கோயில்ல இருக்காக. இன்னைக்கு எம் மக நாகஜோதிக்குக் கல்யாணம். ஆமா தம்பி, இன்னைக்குத்தான். மைக்செட்டுச் சத்தம் கேக்குதில்ல, அதுதான். பத்தரையிலேருந்து பன்னெண்டுக்குள்ள முகூர்த்தம். பெத்த அப்பன் நான் இங்க பனியனோட உக்காந்திருக்கேன். எம் மச்சினன் முன்னால நின்னு எல்லாம் நடத்துறான். ஏன் இப்படின்னு முழிக்கிறீக. காரணம் வேற யாருமில்ல, நீங்க தேடி வந்திருக்கீகளே, அந்த ஆளுதான். அவரு மேல தப்பு இல்ல. அவருக்கு நான் ஒருத்தன் உசுரோட இருக்கிறதே தெரியுமோ என்னமோ.

நான் யாருன்னு சொல்லிடுறேன். கரண்டு ஆபீசுல வீடு வீடாப் போயி ரீடிங் எடுக்குற வேலை பார்த்தேன். முப்பத்தோரு வருசம். மானாமதுரையைச் சுத்தி நான் போகாத ஊரு கிடையாது. நாய் கட்டிக் கிடக்குற வீடு, புருசன் பொண்டாட்டி சட்டியைத் தூக்கி எறிஞ்சு சண்டை போடுற வீடு, எல்லாத்துக்குள்ளயும் போயி மீட்டரைப் பார்த்து, பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன். மரத்தடியில உக்காந்துக்கிட்டு குத்துமதிப்பா எழுதுற ஆளுகளும் இருந்தாக. நான் அந்த ரகம் இல்ல. சோணைமுத்து ஒரு ரீடிங் தப்பா எழுதுனான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல.

அப்படிப்பட்டவன் ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தா என்ன செய்வான்? போனைப் பார்ப்பான். போனைத் தொறந்தா ஒரே சண்டை. தேஜ்வந்த் எந்த ஊரு ஆளு? ஒருத்தன் ஆந்திராங்கிறான். ஒருத்தன் பாலக்காடுங்கிறான். இன்னொருத்தன் சிலோன்லேருந்து வந்த குடும்பம்னு அடிச்சுச் சொல்றான். தமிழனே இல்லேங்கிறான் ஒருத்தன், அவனை அம்மா அக்கான்னு திட்டுறான் இன்னொருத்தன். எவனாவது ஒருத்தன் போயிப் பார்த்தானா? விசாரிச்சானா? எல்லாம் குத்துமதிப்பு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அப்பத்தான் ஒரு நாள் டிவியில சமையல் நிகழ்ச்சி. தேஜ்வந்த் வந்திருக்காரு. அந்தப் பொண்ணு ஒரு பீக்கங்காயை எடுத்து நறுக்கப் போகுது. இவரு பதறிப் போயி, "அய்யய்யோ, அது வேணாங்க. எங்க வீட்டுல பீக்கங்காயைத் தொட மாட்டோம். தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது"ங்கிறாரு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன் தம்பி. "ஏய் பஞ்சவர்ணம், இங்க வா, இவன் நம்ம ஆளுடி"ன்னு கத்துனேன். எஞ் சம்சாரம் அடுப்படியிலேருந்து, "யாருங்க, சிலிண்டர்க்காரரா"ங்கிறா. அவளுக்கு இதெல்லாம் புரியாது.

பீக்கங்காய்னா எங்களுக்குச் சாமி. எங்க குலதெய்வம் கொடியடியாள். அந்தக் காலத்துல கொள்ளைக்காரனுக ஊருக்குள்ள பூந்தப்ப, எங்க வம்சத்து முதல் பொம்பளை, நிறைமாசக்காரி, ஓடிப்போயி பீக்கம்பந்தலுக்குள்ள ஒளிஞ்சா. கொடி அவளை மூடிருச்சு. அங்கேயே பிள்ளையைப் பெத்தா. அந்தப் பிள்ளை வழியா வந்தவுக நாங்க. அதனால எங்க வகையறாவுல பொறந்தவன் பீக்கங்காய் திங்க மாட்டான். சுத்துப்பட்டுல வேற எந்த வகையறாவுக்கும் இது கிடையாது. எங்களுக்கு மட்டும்தான். இப்ப சொல்லுங்க, நான் கத்துனது தப்பா?

நீங்க சாதி என்னன்னு கேக்காதீக. கேட்டுப் போட்டீகன்னா உங்க யூடியூப் கமெண்டுல வெட்டுக்குத்து நடக்கும். வகையறா மட்டும் போதும்.

அடுத்த நாளே எங்க அப்பாவோட தகரப் பெட்டியைக் கவுத்தேன். பழைய பாகப்பத்திரம் ஒண்ணு இருக்கு. எங்க தாத்தாவோட அப்பா வீரணன், அவருக்கு ஒரு தம்பி, சோலையப்பன். பத்திரத்துல, 'சோலையப்பன், ரங்கூனில் இருப்பவர்'னு எழுதி அவரு பங்கை ஒதுக்கி வச்சிருக்காக. போனவரு திரும்பி வரவே இல்ல. ஊருல அவரை ரங்கூன் சோலையப்பன்னு சொல்லுவாக, அம்புட்டுத்தான். இந்த தேஜ்வந்தோட நிஜப் பேரு என்ன தெரியுமா? சோலைராஜன். தேஜ்வந்த்ங்கிறது சினிமாவுக்கு வச்ச பேரு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

மெட்ராசுக்குப் போனேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. வியாசர்பாடிப் பக்கம் பர்மாவுலேருந்து வந்தவுக நிறைய இருக்காக. வீடு வீடாப் போறது எனக்குப் பழகுன வேலைதானே. கதவைத் தட்டுறது, விசாரிக்கிறது, நோட்டுல எழுதிக்கிறது. நாலாவது தடவை தேஜ்வந்தோட அத்தையைப் பிடிச்சுட்டேன். சரோஜான்னு பேரு, எழுபது வயசு இருக்கும். அவுக அப்பா ராமையா, ரங்கூன்ல பொறந்தவரு. சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப நடந்தே இந்தியா வந்து மெட்ராசுல தங்கிட்டாரு. அந்த ராமையாவோட பேரன்தான் இந்த நடிகரு.

அந்தம்மா ஒரு போட்டோ குடுத்துச்சு. ஒரு ஆளு தலைப்பாகையோட நிக்கிறாரு, பக்கத்துல ஒரு பொம்பளை, காலடியில ரெண்டு பயலுக. பின்பக்கம் மை வெளிறிப் போயி ஒண்ணும் தெரியல. லென்சு வச்சு ரெண்டு நாள் உக்காந்து படிச்சேன். 'என் சம்சாரம் அப்பலம்மா. என் மக்கள் பழனியாண்டி, ராமையா. சோலையப்பன், ரங்கூன்.' முடிஞ்சதா? பாகப்பத்திரத்துல இருக்குற சோலையப்பன், ரங்கூன்ல இருக்குற சோலையப்பன், வீட்டுல பீக்கங்காய் சேக்காத பேரன். மூணும் வந்து பொருந்திருச்சு. அவரு எனக்குத் தம்பி முறை தம்பி. தேஜ்வந்த் எனக்குத் தம்பி!

அப்பலம்மாங்கிற பேரைப் பார்த்தா தெலுங்குப் பொம்பளைன்னு தெரியுது. ரங்கூன்ல துறைமுகத்துல வேலை பார்த்தவுக பாதிப் பேரு தெலுங்குக்காரவுகதானாம். இருக்கட்டும், பொம்பளை வழி கணக்குல வராது. ஆம்பளை எங்கேயிருந்து வந்தான்னுதான் பார்க்கணும்.

எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. நாகஜோதி ஒருத்திதான். எங்க அப்பாவுக்கும் ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான். எங்க கிளை என்கிட்ட வந்து நின்னு போச்சு. பக்கத்துக் கிளையில இப்படி ஒரு தம்பி இருக்கான், உலகமே பார்க்குற ஆளா இருக்கான்னா மனசு துள்ளுமா துள்ளாதா? இதைப் போயி எஞ் சம்சாரம், "கூடப் பொறந்தவ பிள்ளை போனையே எடுக்க மாட்டீக, சினிமாக்காரனுக்கு இந்தத் துள்ளலா"ங்கிறா. விடுங்க.

இதுக்கு நடுவுல நாகஜோதிக்கு இடம் வந்துச்சு. அவ ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை பார்க்குறா. கூட வேலை பார்க்குற பையன் ராஜபிரபு. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. நான் ஒண்ணும் மறுக்கல. பரமக்குடிப் பக்கம் ஊரு, நம்ம ஆளுகதான். சாமி வேற, அதனால முறை சரியா வந்துச்சு. பையனோட அப்பா காத்தமுத்து தங்கமான மனுசன். வைகாசியில நிச்சயம் பண்ணோம். ஆவணியில கல்யாணம்னு நாள் குறிச்சோம்.

ஆனியில பத்திரிகை மாடல் காட்டப் போனேன் சம்பந்தி வீட்டுக்கு. காப்பி குடிச்சுக்கிட்டே செவத்தைப் பார்க்குறேன். அதே போட்டோ தம்பி! அதே தலைப்பாகை, அதே பொம்பளை, அதே ரெண்டு பயலுக! காப்பி வேட்டியில கொட்டிருச்சு. "சம்பந்தி, இது யாரு"ங்கிறேன். "மூத்த பையன் எங்க தாத்தா பழனியாண்டி. தாத்தா பர்மாவுல பொறந்தவரு. அறுபத்து நாலுல கப்பல்ல வந்தாக. சொந்த ஊரு மானாமதுரைப் பக்கம்னு மட்டும்தான் அவருக்குத் தெரியும், சாமி பேரு தெரியல. அதனால எங்க பாட்டி வீட்டுச் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்"ங்கிறாரு. நான் அவரைக் கட்டிப் பிடிச்சுட்டேன். "உங்களுக்குச் சாமி இருக்கு சம்பந்தி, ஊரு இருக்கு, தேஜ்வந்து உங்க சின்னத் தாத்தா பேரன்"னு சொன்னேன். அந்த மனுசன் அழுதுட்டாரு. அறுபது வயசு ஆளு, குலதெய்வம் தெரிஞ்சுபோச்சுன்னு பிள்ளை மாதிரி அழுறாரு. நானும் அழுதேன்.

நீங்க சிரிக்கிறீக. உங்களுக்கு விளங்கிருச்சு. உங்களுக்கு ஒரு நிமிசத்துல விளங்குனது எனக்கு ஒரு மாசம் விளங்கல. ஏன்னு கேளுங்க. நான் மரம் போட்டுக்கிட்டிருந்தேன். கோயில் மதில்ல பெரிசா ஒரு வம்ச மரம், பெயிண்டரை வச்சு வரைய ஏற்பாடு. அடியில கொடியடியாள். மேல வீரணன் ஒரு கிளை, சோலையப்பன் ஒரு கிளை. சோலையப்பன் கிளையில பழனியாண்டி, ராமையா. ராமையா கிளை உச்சியில தேஜ்வந்த் முகம், நல்லாத் தத்ரூபமா. பழனியாண்டி கிளையில காத்தமுத்து, அவருக்கு மேல ராஜபிரபு. எங்க கிளையில கடைசியா சோணைமுத்து. மரத்துல பொம்பளைப் பிள்ளைக பேரை எழுதுற வழக்கம் கிடையாது தம்பி. அவுக வேற வீட்டுக்குப் போறவுக. நாகஜோதி பேரு அதுல இல்ல. அதான் எனக்குத் தட்டுப்படல. பேரு இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும்.

ஆடிப் பொங்கலன்னைக்கு மரத்தைத் தொறந்து வச்சோம். ஊரு பூராக் கூடியிருக்கு. சம்பந்தி வீட்டுலேருந்து ஒரு வேன் நிறைய வந்திருக்காக, முதல் தடவையா அவுக சாமியைக் கும்பிட. நான் மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு கிளையா வாசிக்கிறேன். வீரணன் மகன் இன்னாரு, சோலையப்பன் மக்கள் ரெண்டு பேரு, பழனியாண்டி, ராமையான்னு. கை தட்டுறாக, விசில் அடிக்கிறாக. காத்தமுத்து மகன் ராஜபிரபுன்னு வாசிச்சேன். பக்கத்துல நின்ன குருசாமிப் பூசாரி திருநீத்துத் தட்டோட என்னைப் பார்த்து, "ஏப்பா சோணைமுத்து, காத்தமுத்து உனக்குப் பங்காளின்னா, அந்தப் பையன் உம் மகளுக்கு அண்ணன்ல ஆகுது?"ன்னாரு.

மைக்கு ஆன்ல இருந்துச்சு தம்பி.

அந்தச் சத்தம் நாலு ஊருக்குக் கேட்டிருக்கும். ஒரு சாமியைக் கும்பிடுறவன் பங்காளி. பங்காளி மகன் அண்ணன். அண்ணனுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா? இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். அன்னைக்கு மட்டும் தெரியாமப் போச்சு. கூட்டத்துல ஒரு பய, "தங்கச்சியைக் கட்டப் போறானாம்டோய்"னு கத்துனான். ராஜபிரபு தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேனைப் பார்த்துப் போனான். நாகஜோதி என்னைப் பார்த்துக்கிட்டே நின்னா. அவ அழல தம்பி. அழுதிருந்தா எனக்கு எம்புட்டோ தேவலை.

கல்யாணம் நின்னு போச்சு. பெரியவுக உக்காந்து பேசுனாக. அஞ்சு தலைமுறை தாண்டிருச்சே, விட்டுறலாமேன்னு ரெண்டு பேரு சொன்னாக. பங்காளிக்குத் தலைமுறைக் கணக்கு ஏதுன்னு நாலு பேரு சொன்னாக. அப்புறம் எல்லாரும் என்னைப் பார்க்குறாக. நீ எழுதுனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, மரத்தை அழிச்சுருவோம், ஊரு மறந்துரும்ங்கிறாக. எப்படிச் சொல்றது? தப்பில்லையே! பத்திரம் இருக்கு, போட்டோ இருக்கு. தப்பு இருந்தாச் சொல்லலாம். இல்லாத தப்பை எங்கேயிருந்து கொண்டு வர்றது?

சரி, தேஜ்வந்த் ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் தெளிஞ்சுரும்னு நினைச்சேன். நான் முன்னமே எல்லாத்தையும் செராக்ஸ் எடுத்து, ஃபைல் போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல அவரு ஆபீசுக்கு அனுப்பியிருந்தேன். எழுபது பக்கம். அனுப்பி ஒரு மாசம் கழிச்சு அவரு ஆபீசுலேருந்து ஒருத்தரு போன் பண்ணாரு. "சாருக்குத் தெலுங்குல படம் வருது, ஊரு வாசல்ல அவரு படம் போட்ட ஃபிளக்ஸை எடுத்துருங்க"ன்னு. அம்புட்டுத்தான் பேச்சு. நான் வச்சது ஃபிளக்ஸ் இல்ல, மரம்னு சொல்றதுக்குள்ள போனை வச்சுட்டாரு.

அடுத்த வாரம் ஐதராபாத்துல விழா. போன்ல பார்க்குறேன். தேஜ்வந்த் மேடையில நிக்கிறாரு. தெலுங்குல பேசுறாரு. எனக்குத் தெலுங்கு வராது, கீழ தமிழ்ல எழுத்து ஓடுது. 'நான் உங்க வீட்டுப் பிள்ளை. எங்க கொள்ளுப்பாட்டி தெலுங்குப் பொண்ணு. அவங்க பேரு அப்பலம்மா.' கூட்டம் கூரை பிச்சுக்கிற மாதிரி கத்துது. தம்பி, அந்தப் பேரு அவருக்கு எப்படித் தெரியும்? அவுக அத்தைக்கே தெரியாது! லென்சு வச்சு ரெண்டு நாள் கண்ணு வலிக்கப் படிச்சவன் நானு! நான் குடுத்த எழுபது பக்கத்துல அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துக்கிட்டாரு. சோலையப்பனைக் காணோம், புளியூரணியைக் காணோம், கொடியடியாளைக் காணோம். நான் கணக்குலேயே சேக்காத பொம்பளையைக் கொண்டு போயி மேடையில வச்சுட்டாரு. போனைத் தூக்கி எறிஞ்சேன். இந்தா பாருங்க, கண்ணாடி கீறிக் கிடக்கு.

அந்தக் கோவத்துலதான் நான் கோயிலுக்குப் போனேன், போன வாரம். காத்தமுத்து பெரியவுகளைக் கூட்டச் சொல்லியிருந்தாரு. சாமி முன்னால நிக்கிறாரு. "எங்க தாத்தா பழனியாண்டி, சோலையப்பனுக்குப் பொறந்தவரு இல்ல. அப்பலம்மாவோட முதல் புருசனுக்குப் பொறந்தவரு. கையில பிள்ளையோட வந்தவளைத்தான் சோலையப்பன் கட்டிக்கிட்டாரு. இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தோம். நாங்க இந்த வகையறா இல்ல. எங்க வீட்டுல வாரம் ரெண்டு நாள் பீக்கங்காய்க் கூட்டு வைக்கிறோம்"ங்கிறாரு. சொல்லிட்டுச் சூடத்தை அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு.

குலதெய்வம் கிடைச்சிருச்சுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்ன அழுத ஆளு தம்பி! அதே ஆளு அதே சாமி முன்னால நின்னு, நான் உனக்குப் பிள்ளை இல்லேன்னு சூடம் அடிக்கிறாரு. சொந்தத் தாத்தாவை எவனுக்கோ பொறந்தவன்னு சொல்றாரு. இப்படி ஒரு பொய்யா? மனுசன் பேசுவானா? நான் எந்திரிச்சு, "பொய்யி! எங்கிட்ட ஆதாரம் இருக்கு!"ன்னு கத்துனேன். போட்டோவைத் திருப்பிக் காட்டுனேன். 'என் மக்கள் பழனியாண்டி, ராமையா'ன்னு சோலையப்பன் கையெழுத்துலயே இருக்குல்ல?

காத்தமுத்து அதை வாங்கிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. "வளத்தவரு மகன்னுதான் எழுதுவாரு சம்பந்தி. நல்ல மனுசன் போல. இதுல என்ன தப்பு இருக்கு?"ன்னாரு. என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாரு. கண்ணு கலங்கி இருந்துச்சு. நான் கவனிக்காம இல்ல.

பெரியவுக ஏத்துக்கிட்டாக. அன்னைக்குச் சாயங்காலமே மதில்ல அந்த ஒரு கிளையை மட்டும் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சாச்சு. முன்னாடி குறிச்ச அதே முகூர்த்தத்துல கல்யாணத்தை வைங்கன்னு சொல்லிட்டாக. ஆனா பூசாரி ஒண்ணு சொன்னாரு. "மரம் போட்டவன் வாயால தப்புன்னு சொன்னாத்தான் ஊரு வாயி அடங்கும். இல்லைன்னா அந்தப் பிள்ளைகளைச் சாகுற வரைக்கும் கேலி பேசும்." எல்லாரும் காத்திருந்தாக. நான் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

நேத்துச் சாயங்காலம் நாகஜோதி இந்த இடத்துல வந்து நின்னா. கையில மருதாணி. "அப்பா, அந்தச் செவத்துல எம் பேரு எங்க இருக்கு?"ன்னா.

"பொம்பளைப் பிள்ளை பேரு எழுதுறதில்ல ஆத்தா"ன்னேன்.

"அப்ப மரத்துல நான் இல்ல. மரத்துல இல்லாதவளுக்கு அதுலேருந்து எப்படிப்பா அண்ணன் வருவான்?"

படிச்ச பிள்ளைகல்ல, இப்படித்தான் பேசுங்க. பதில் சொல்லலாம். சொல்ல முடியாமெல்லாம் இல்ல. அவ விடல. "அவரோட அப்பா எங்களுக்காகத் தன் தாத்தாவையே விட்டுக் குடுத்துட்டாரு. நீங்க உங்களை ஒரு நாளும் போன்ல கூப்பிடாத ஒருத்தருக்காக என்னைய விட்டுக் குடுக்குறீங்க. நாளைக்கு வர்றதா இருந்தா, நான் எழுதுனது தப்புன்னு ஊரு முன்னால சொல்லிட்டு வாங்கப்பா. சொல்ல முடியலைன்னா வராதீங்க. நீங்க வந்து உம்முன்னு உக்காந்திருந்தீங்கன்னா அதுவே சாட்சி மாதிரி ஆயிரும்." சொல்லிட்டு என் கால்ல விழுந்து கும்பிட்டா. திருநீறு பூசி விட்டேன். எந்திரிச்சுப் போயிட்டா.

திமிரு. எம் மகதானே, அந்தத் திமிரு எங்கேயிருந்து வரும்? இங்கேயிருந்துதான்.

காலையிலேருந்து உக்காந்து யோசிக்கிறேன். நான் சொன்னது நிசம். சொன்னதுக்கு ஆதாரம் இருக்கு. இம்புட்டு நிசத்தைக் கையில வச்சுக்கிட்டு நான் மட்டும் வீட்டுல இருக்கேன், பொய் சொன்ன மனுசன் மணவறைப் பக்கத்துல நிக்கிறாரு. ஊரு அவரைக் கும்பிடுது. என்ன நியாயம் இது? சொல்லுங்க. நீங்க மெட்ராஸ் ஆளு, நாலு ஊரு பார்த்தவரு, சொல்லுங்க.

மணி என்ன? பத்து அம்பதா? மாப்பிள்ளை மணவறைக்கு வந்திருப்பான். பொண்ணை அழைச்சு வரச் சொல்லியிருப்பாக. நாகஜோதி வாசலைப் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருப்பா. சின்ன வயசுல பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஆடுனப்பவும் அப்படித்தான். நான் ரீடிங் எடுத்துட்டு லேட்டா வருவேன். வர்ற வரைக்கும் ஆட்டத்தை விட்டுட்டு வாசலையே பார்க்கும் கழுதை.

அந்த போனை வெளிய எடுங்க தம்பி. ஆமா, எடுங்க. படம் பிடிக்கணும்னுதானே வந்தீக? இருங்க, இந்தத் துண்டைப் போத்திக்கிறேன். இங்கிட்டு வெளிச்சம் வருதா? ஓடுதா இப்ப? கேளுங்க. சோலையப்பனுக்கு எத்தனை பிள்ளைன்னு கேளுங்க. சும்மா கேளுங்க.

எல்லாருக்கும் வணக்கம். என் பேரு சோணைமுத்து. புளியூரணி, கொடியடியாள் வகையறா. நடிகர் தேஜ்வந்தோட பூர்வீகம் எங்க ஊருதான், அதுல மாத்தமே இல்ல. அவரு என்ன சொன்னாலும் சரி. அவரோட கொள்ளுத்தாத்தா ரங்கூன் சோலையப்பன். சோலையப்பனுக்கு ஒரு பிள்ளை. ராமையா. ஒரு பிள்ளைதான். பழனியாண்டிங்கிறவரு... அவரு அந்தம்மாவோட வந்த பிள்ளை. நான் சரியா விசாரிக்காம ரெண்டுன்னு எழுதிட்டேன். கோயில் செவத்துல போட்டது தப்பு. காத்தமுத்து சொன்னதுதான் நிசம். அவரு எனக்குப் பங்காளி இல்ல. சம்பந்தி. ஆதாரமா? எந்த ஆதாரம்? எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மையி வெளிறிப்போன போட்டோ, அதுல என்ன தெரியுது. போதும். நிறுத்துங்க.

நிறுத்திட்டீகளா? சத்தம் பதிஞ்சிருக்கா? போட்டுக் காட்ட வேணாம், நான் பார்க்க மாட்டேன். இவ்வளவு நேரம் சொன்னதையெல்லாம் மறந்துருங்க. உங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாக.

நீங்க பைக்குலயா வந்தீக? கோயில் வரைக்கும் என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க தம்பி, நடந்து போனா பத்து நிமிசம் ஆகும். சட்டையை மட்டும் மாட்டிக்கிட்டு வந்துர்றேன். போனைப் பையில போட்டுறாதீக, கையிலேயே வச்சிருங்க. தாலி கட்டுறதுக்குள்ள எம் மககிட்டக் காட்டணும்.